கூழாங்கல் கரையில் உன்னைத் தெரியாதவனாக இருந்தேன்

தயா,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்கிறேன். மூன்று வாரமாக நீ எனக்குப் போன் எடுக்கவில்லை, அதனால் பதில் எனக்குத் தெரியாது. உன் அக்காவோடு பேசுகிறாய் என்று தெரியும். "நல்லா இருக்கான்ப்பா" என்று அவள் சொல்வாள், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல, மஸ்கெலியா டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற நம்ம முஸ்லிம் அண்ணன் நானா எழுதுகிறார். ஆள் வந்தால் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பருப்பு நிறுத்துக் கொடுத்துவிட்டு வருவார். அதனால் பேச்சு அங்கங்கே விட்டுத் தொட்டது போல இருந்தால் பொறுத்துக்கொள். விட்ட இடம் எனக்கு மறக்காது. எழுத்துத் தெரியாதவனுக்கு எல்லாவற்றையும் மண்டையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மறந்துபோனால் நன்றாக இருக்கும் என்கிறதும் அங்கேயேதான் கிடக்கிறது.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் அல்ல. நானா இதை இரண்டு தடவை எழுதுவார். ஒன்று உனக்கு வரும். மற்றது நம் தோட்டத்து வரிசை வீட்டு லயத்து மாரியம்மன் கோயில் பலகையில் ஒட்டப்படும். உன் கல்யாணக் கார்டை நான் மஞ்சள் தடவி ஒட்டியதும் அந்தப் பலகையில்தான். பொய்யை ஊர் பார்க்க ஒட்டிவிட்டு, மன்னிப்பை மட்டும் உன் காதோடு கேட்பது எனக்கே அசிங்கமாகப் பட்டது.

பலகையில் படிக்கிறவர்களுக்காகக் கார்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தை பிறந்ததும் உனக்கும் கினிகத்தேனைப் பெண் ரேணுகாவுக்கும் கல்யாணம் என்று முடிவானதும், ஹட்டனில் கார்டு அடிக்கக் கொடுத்தேன். அச்சுக்காரத் தம்பி, "மாப்பிள்ளை பேருக்குக் கீழ என்ன போடணும் ஐயா?" என்று கேட்டான். நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "மேனேஜர், லண்டன் பேங்க்" என்றேன். கார்டு வந்த அன்று அந்த வரி எது என்று அவனிடமே கேட்டு, தங்க எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். மேடாக, வழவழவென்று இருந்தது. நான்கு நாள் கழித்து ரேணுகாவின் அப்பா போன் எடுத்தார். பஸ் கண்டக்டராக இருந்த மனுஷன், குரலில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். "சம்பந்தி, நம்ம மாப்பிள்ளை எப்ப பேங்க்ல மேனேஜர் ஆனாரு? எங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! சம்பளம் கூடிருச்சுன்னா அவளும் சந்தோஷப்படுவா இல்ல?" என்றார். அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அவர் வீட்டில் உன் வேலை எல்லோருக்கும் தெரியும். அங்கே வந்திருந்த ரேணுகா உன்னை முதலில் பார்த்ததே இங்கிலாந்தில் உன் ஊர்க் கடற்கரையில் நீ வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் என்பதும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தவன் நான் ஒருவன்தான்.

அன்றைக்குச் சாயந்திரம் நீ பேசினாய். சத்தம் போடவில்லை. "அந்தக் கார்டுல இருக்கறவருக்கே கல்யாணம் பண்ணி வைங்கப்பா. அவரு யாருன்னு எனக்குத் தெரியாது. நான் வரல" என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்தப் பேச்சு கார்டைப் பற்றியது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். போன ஆவணியில் உன் ஊர்க் கடற்கரையில் நடந்ததற்கு நீ இதுவரை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது மழுப்பியிருப்பேன். நீ கேட்காததால்தான் அது அப்படியே இருக்கிறது.

நீ என்னிடம் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. வேலை கிடைத்த அன்றே, "கவுன்சில்ல வேலைப்பா. பீச்ச சுத்தமா வச்சுக்கிற வேலை" என்றாய். அந்தப் பேச்சில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போனேன். "மகனுக்கு அங்க கவர்மெண்டு வேலை" என்றேன். ஒரு மாதத்தில் அது ஆபீஸ் வேலை ஆனது. ஒரு வருடத்தில் உனக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்தார்கள். யாரோ ஒருத்தி "அப்ப பேங்க் மாதிரியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நீ இருந்த இடத்திலேயே இருந்தாய். நான்தான் இங்கே உனக்கு வருஷா வருஷம் பதவி உயர்வு கொடுத்துக்கொண்டே போனேன்.

அப்படி இருக்கும்போதுதான் நீ டிக்கெட் போட்டு என்னைக் கூப்பிட்டாய். பிரைட்டன் என்கிற அந்த ஊரில் நான் இருந்த இருபத்தாறு நாளையும் ஒவ்வொன்றாகச் சொல்ல என்னால் முடியும். முதல் நாள் நீ என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனாய். கடல் என்றால் மணல் இருக்கும் என்று நினைத்திருந்தேன், கொழும்பில் ஒரு தடவை பார்த்த கடலுக்கு இருந்தது. அங்கே கண் எட்டுகிற தூரம் வரை கல். முட்டை அளவில், உருளைக்கிழங்கு அளவில், கருப்பட்டி நிறத்தில், சாம்பல் நிறத்தில், ஒன்றுகூட முனை இல்லாமல் உருண்டு திரண்ட கல். கால் வைத்தால் ஒரு அடி முன்னே போய் அரை அடி பின்னே சறுக்குகிறது. "சப்பாத்தக் கழட்டாதீங்கப்பா, காலு வலிக்கும்" என்றாய். கழற்றினேன். இருபது வருஷம் கவ்வாத்து மலையில், வெட்டிப்போட்ட தேயிலை மிலாறு மேல் வெறுங்காலோடு நடந்தவனுக்கு அது மெத்தை. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் வெறுங்காலோடு தண்ணீருக்குப் போகிறேன் என்று, சுடு சாம்பலில் விட்ட கோழி மாதிரி ஒவ்வொரு அடிக்கும் குதித்தார். நீயும் நானும் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். உன் அம்மா போன பிறகு நாம் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

அலை வந்து திரும்பும்போது கல்லையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும். ரோட்டு வேலைக்கு லாரியில் கல் கொட்டுகிற சத்தம், ஆனால் ஓயவே ஓயாது. அந்தக் கல்லின் மேலேயே துண்டை விரித்து, வெயிலுக்குப் படுத்துத் தூங்குகிறார்கள். இரும்புக் காலில் நிற்கிற ஒரு பாலம் கடலுக்குள் நீண்டு போகிறது. அக்கரை என்று ஒன்று அதற்கு இல்லை. அதன் மேல் ராட்டினமும் பாட்டும் பொரித்த மீன் வாசனையும். கோழியளவு ஒரு வெள்ளைப் பறவை என் கையிலிருந்த மீன் துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனபோது, "நம்ம ஊரு குரங்கே தேவல" என்றேன். தலைமுடிக்கு நீலமும் பச்சையும் அடித்த பையன்கள் போனார்கள். மேளத்துக்கு ஆடுகிற கிழவிகளைப் பார்த்தேன். கைகோத்து நடந்த இரண்டு ஆம்பிளைகளை நான் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரும் பார்க்கவில்லை. யாரும் யாரையும் பார்த்து, நீ யார் வீட்டுப் பிள்ளை, உன் அப்பனுக்கு என்ன வேலை என்று கேட்காத ஊர் அது. அந்தக் கேள்வியை இங்கேயிருந்து மடியில் கட்டிக்கொண்டு போனவன் நான்.

நம் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து, நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே ஓய்வெடுத்துக் கொழும்புக்குப் போன ஐயாவை உனக்கு நினைவிருக்காது. அவருக்கும் உன் முகம் தெரியாது. அவர் மகள் லண்டனில் இருக்கிறாள். அவர் அங்கே வந்திருப்பது தெரிந்து நான்தான் உன் போனில் அவரைக் கூப்பிட்டேன், நீ குளித்துக்கொண்டிருந்தாய். "ஐயா, நானும் இங்கதான் இருக்கேன். மகன் பேங்க்ல மேனேஜருங்க" என்றேன். அடுத்த திங்கட்கிழமை மகளோடு ஒருநாள் வந்து பார்க்கிறேன் என்றார். உன்னிடம் அவர் வருகிறார் என்பதை மட்டும் சொன்னேன். நீ சந்தோஷப்பட்டாய். "அன்னைக்கு இங்க லீவு நாள்ப்பா. எங்களுக்குத்தான் வேலை ஜாஸ்தி, ஞாயித்துக்கிழமை வந்தவங்க போட்ட குப்பை மலை மாதிரி கெடக்கும். பன்னண்டு மணிக்கு முடிஞ்சிரும். எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போவோம்" என்றாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

ஐயா எப்படிப்பட்டவர் என்பதைச் சொன்னால்தான் நான் செய்தது விளங்கும். விளங்குவதற்குத்தான் சொல்கிறேன், மன்னிப்பதற்கு இல்லை. முப்பது வருஷம் நான் அவரோடு பேசியது தோட்டத்து ஆபீஸ் சன்னல் வழியாகத்தான். நாங்கள் உள்ளே போவதில்லை. மழை பெய்தாலும் சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு சன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே இருக்கிறவர் தலை நிமிர்கிற வரை காத்திருக்க வேண்டும். நான் கங்காணி ஆன பிறகும் அதே சன்னல்தான். அன்றைக்கு அந்தக் கடற்கரையில், நடைபாதை ஓரத்துப் பலகை ஆசனத்தில், ஐயா தன் பக்கத்தைத் தட்டி, "ஏன் கங்காணி நிக்கிற, ஒக்காரு" என்றார். உட்கார்ந்தேன். அவர் தோளும் என் தோளும் உரசின. என் வயதில் அது எவ்வளவு பெரிய போதை என்று உன்னால் நினைத்துப் பார்க்க முடியாது, முடியவும் வேண்டாம்.

"மகன் எங்க?" என்றார். "பேங்க்ல மீட்டிங்குங்க ஐயா" என்றேன். அவர் மகள் காப்பி வாங்கிக்கொண்டு வந்தவள், "இன்னைக்கு இங்க பேங்க் எல்லாம் பூட்டு, அங்கிள். அதனாலதானே நானே லீவுல வந்தேன்" என்றாள். "மேனேஜர்மாருக்கு ஏதும்மா லீவு" என்றேன். இதைச் சொல்லும்போது இப்போதும் என் காது சுடுகிறது. நானா பேனாவை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

அப்போதுதான் நீ வந்தாய். கல்மேட்டில் கீழேயிருந்து ஏறி வந்தாய். மஞ்சள் சட்டை, தொப்பி, ஒரு கையில் நீளக் குறடு, மறு கையில் சாக்கு. எங்களைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, வேலைக்கு நடுவில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருப்பாய். முகமெல்லாம் சிரிப்பு. கிட்ட வந்ததும் கையுறையைக் கழற்றி, "வணக்கம் ஐயா" என்று கும்பிட்டாய். "அடடே, தமிழ்ப் பையனா!" என்றார் ஐயா. நீ அடுத்த வார்த்தை சொல்ல வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டேன்.

"ஆமாங்கய்யா, நம்ம ஊரு பக்கத்துப் பையன்தான். இங்க குப்பை அள்ளுறான்."

நீ என்னைப் பார்த்தாய். ஒரு கணம்தான். உன் சிரிப்பு உடனே போகவில்லை, அது போக வழி தெரியாமல் முகத்திலேயே நின்றது. ஐயா, "எந்த ஊருப்பா?" என்று கேட்டார். என்னைக் காட்டிக்கொடுக்க உனக்கு ஒரு வார்த்தை போதும். நீ, "நோட்டன் பிரிட்ஜ் பக்கமுங்க ஐயா" என்றாய்.

"அப்பா என்ன பண்ணினாரு?"

"தோட்டத்துல வேலை செஞ்சாருங்க."

"இருக்காரா?"

"இருக்காருங்க ஐயா. தூரத்துல."

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயா காப்பியைக் குடித்து முடித்து, "இந்தாப்பா, இதையும் போட்டுரு" என்று வெறும் கப்பை நீட்டினார். "சரிங்க ஐயா" என்று வாங்கிச் சாக்கில் போட்டாய். என் காலடியில் ஒரு காகிதம் கிடந்தது. "காலைக் கொஞ்சம் எடுங்க" என்றாய். அப்பா என்று சொல்லவில்லை. காலை எடுத்தேன். குனிந்து எடுத்துக்கொண்டு கல்மேட்டில் இறங்கிப் போய்விட்டாய். "பாவம் கங்காணி, எங்கெங்க இருந்தோ வந்து இந்த வேலை பாக்குதுங்க. உன் மகன் குடுத்து வச்சவன்" என்றார் ஐயா. "ஆமாங்கய்யா" என்றேன்.

அதன்பிறகு அவர்கள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. நீ வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். பதினாறு வருஷம் மலையில் ஆள்களின் வேலையைப் பார்த்த கண் இது. நீ தண்ணீர் ஓரத்திலிருந்து நிரை பிடித்து, ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்பினாய், இடையில் ஒரு சாண் இடம் விடவில்லை. இறைச்சி சுட்டுவிட்டு எறிந்த கரித் தட்டு, போத்தல், மீன் பெட்டி எல்லாம் குறடால் எடுத்தாய். ஓர் இடத்தில் குந்தி உட்கார்ந்து, கல்லைக் கல்லாகப் புரட்டி, விரலால் எதையோ பொறுக்கினாய். உடைந்த கண்ணாடி. கல்லுக்கு நடுவில் அது கண்ணுக்குத் தெரியாது, வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகளின் காலுக்குத்தான் தெரியும். யாரும் உன்னை மேற்பார்க்கவில்லை. விட்டுவிட்டுப் போனாலும் யாரும் கேட்கப் போவதில்லை. நீ அந்த இடத்தில் கால் மணி நேரம் இருந்தாய். எனக்குக் கீழே அப்படி ஒரு ஆள் வேலை செய்திருந்தால், தோட்டம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன்.

நீ மூன்று மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தாய். சோறு ஆக்கினாய், கருவாடு பொரித்தாய், தேங்காய்ச் சம்பல் இடித்தாய். "சாப்பிடுங்கப்பா" என்றாய். அப்பா என்ற சொல்லை அன்றைக்கு அப்போதுதான் மறுபடி கேட்டேன். காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன். மறுநாள் அந்தப் பாலத்துக்கு என்னைக் கூட்டிப்போனாய், ராட்டினத்துக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்தாய். பிளேன் ஏற்றும்போது கம்பளிச் சட்டையின் பொத்தானைப் போட்டுவிட்டு, "ஒடம்பப் பாத்துக்கங்க" என்றாய். இருபத்தாறு நாளில் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு பதினேழு நாள் இருந்தன. பதினேழு நாளும் சொல்ல நேரம் இருந்தது.

இங்கே வந்தும் திருந்தவில்லை. ஐயா பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்ததைத்தான் முதலில் சொன்னேன்.

இதெல்லாம் அன்றைக்கு அந்த ஆசனத்தில் தொடங்கியது இல்லை. உனக்கு எட்டு வயது. நம் லயத்து வாசலையும் சாக்கடைக் கானையும் கூட்டிக் கழுவுகிற வேலை முனியாண்டிக்கு. வாசக்கூட்டி என்பார்கள், பெயரைச் சொல்லிக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள். அவர் கையால் யாரும் தண்ணீர் வாங்க மாட்டோம். ஒரு சனிக்கிழமை காலையில் நான் மலையிலிருந்து இறங்கி வருகிறேன், நீ அவருடைய ஈர்க்குமாற்றை வாங்கிக் கானைத் தள்ளிக்கொண்டிருக்கிறாய். தண்ணீர் வேகமாக ஓடுவதைப் பார்த்துக் கைதட்டிச் சிரிக்கிறாய். லயமே வாசலில் நின்று பார்த்தது. தேயிலைக் கம்பை ஒடித்து உன்னை அடித்தேன். "அடிக்காதீங்க கங்காணி, புள்ள ஆசைப்பட்டுக் கேட்டுச்சு, நான்தான் குடுத்தேன்" என்று அவர் குறுக்கே வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "தள்ளிப் போடா" என்றேன். உன்னைத் தண்ணீர்ப் பீலிக்கு இழுத்துப்போய், அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் தலை முழுக வைத்தேன். உன் அம்மா துண்டோடு நின்றாள். அடுத்த மழைக்காலத்தில் அவர் காய்ச்சலில் விழுந்து இரண்டு வாரம் வரவில்லை. கான் அடைத்து, லயம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். ஆம்பிளைகள் நாங்கள் ஆபீஸுக்குப் போய் ஆள் கேட்டோமே தவிர, ஒருவனும் குனியவில்லை. விடிவதற்கு முன்னால் உன் அம்மா எழுந்துபோய் நம் வாசல் பக்கத்துக் கானைத் தள்ளிவிட்டு வருவாள். எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். சொந்த வீட்டு ஆள் செய்கிற வேலையைத் தெரியாதவன் போலப் படுத்திருக்க அப்போதே பழகிவிட்டேன்.

இந்த இடத்தில் நானா பேனாவை வைத்துவிட்டார். "கங்காணி, இது கோயில் பலகையில ஒட்டப் போறது. முனியாண்டி மகன் காளி அங்கதான் நிப்பான், அப்பன் வேலையத்தான் இன்னைக்கும் அவன் செய்றான். இதையும் எழுதவா?" என்றார்.

"எழுதுங்க நானா."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாத்தான் சொல்ல மாட்டேன். எழுதுங்க."

எழுதினார். பிறகு, "நான் ஒண்ணு சொல்லவா? உங்க மகன் மேனேஜர்னு நான் ஒரு நாளும் நம்பல. மேனேஜரா இருக்கிறவனுக்கு அப்பனோட தெனமும் அரை மணி நேரம் பேச ஏது நேரம்?" என்றார். இத்தனை வருஷமும் அவர் கடை வாசலில் நின்று நான் அளந்ததையெல்லாம், பருப்பு நிறுத்தபடி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்த மனுஷன் அவர். அவருக்கு நேரே கொஞ்ச நேரம் என்னால் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டோம். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மீண்டும் உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் மூன்று காரியம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை உன் அக்காவின் போனில் ஐயாவைக் கூப்பிட்டேன். அவள்தான் நம்பரை அழுத்திக் கொடுத்தாள். "ஐயா, நான் கங்காணி பேசுறேன். அன்னைக்கு அந்தக் கடற்கரையில மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு வந்து ஒங்களக் கும்பிட்டானே, அவன்தாங்க என் மகன். பேங்க்குன்னு சொன்னது பொய்யிங்க" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன், திட்டுவார் என்று நினைத்தேன். "அப்ப ஏன்யா அந்தக் கப்ப அவன் கையில குடுக்க விட்ட?" என்றார். "என்னையும்ல சேத்துக் கெடுத்துட்ட. பெத்தவன் பக்கத்துல ஒக்காந்திருக்க, அவன் புள்ளைகிட்ட எச்சிக் கப்ப நீட்டியிருக்கேன்." பிறகு உன் நம்பரைக் கேட்டார். உன் சம்மதம் இல்லாமல் கொடுக்க மாட்டேன் என்றேன். வேண்டும் என்றால் சொல், கொடுக்கிறேன்.

அவர் கேட்டதிலிருந்து எனக்கு ஒன்று விளங்குகிறது. நாளைக்கு உனக்கும் ரேணுகாவுக்கும் பிள்ளைகள் வருவார்கள். யாராவது பெரிய மனுஷன் பக்கத்தில் உட்கார உனக்கு இடம் கிடைக்கும். அந்த இடத்துக்காக உன் பிள்ளையை எழுப்பிவிடாதே. எழுப்பிவிட்டு உட்கார்ந்தாலும் அங்கே உட்கார்ந்திருக்க முடியாது, நான் பார்த்துவிட்டேன். புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை என்று தெரியும். இருந்தாலும் செய்து பார்த்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்.

அதே வெள்ளிக்கிழமை மாலை பூசைக்கு லயம் முழுக்கக் கோயிலில் இருந்தது. கடிதம் இன்னும் முடியவில்லை, அதனால் வாயாலேயே சொல்லிவிடுவோம் என்று பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று கார்டைக் கிழித்து எடுத்தேன். "இதுல போட்டிருக்கிறது பொய். என் மகன் அங்க கடற்கரையைச் சுத்தம் பண்றான். குப்பை எடுக்கிறான். நான்தான் இத்தனை நாளும் எல்லாரையும் ஏமாத்தினேன்" என்றேன். கடைசி வீட்டு பாக்கியம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அங்கயும் குப்பை போடுறாங்களா கங்காணி? வெள்ளைக்காரன்னா அம்புட்டுச் சுத்தம்னு சொல்லுவீங்களே!" எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப நம்ம தம்பி இல்லேன்னா அவனுங்க நாறிருவானுங்க போல" என்றான் ஒருவன். அவ்வளவுதான். இதற்குப் பயந்துதான் உன்னை நான் தெரியாது என்றேன்.

காளி மட்டும் சிரிக்கவில்லை. வாசலுக்கு வெளியே, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றான். "அந்த வேலைக்கு அங்க கையுறை குடுக்குறாங்களா?" என்று கேட்டான். குடுக்குறாங்க என்றேன். "பூட்ஸு?" அதுவும் என்றேன். "அப்ப சரி" என்றான். அவனை உள்ளே வா என்றேன். வரவில்லை. "இருக்கட்டும் கங்காணி" என்று போய்விட்டான். இத்தனை வருஷம் வெளியே நிறுத்திவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டால் வந்துவிடுவானா? நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா இருந்திருந்தால் என்றைக்கோ போயிருப்பாள். முனியாண்டி அண்ணன் என்று முதல் தடவையாக வாயால் சொன்னேன். அவர் இல்லை, கேட்க. காளியின் பெண்சாதி டீ கொடுத்தாள், குடித்தேன். அதைப் பெரிய காரியமாகச் சொல்லவில்லை. டீ நன்றாக இருந்தது.

கல்யாண நாளை நான் மாற்றவில்லை, பூசாரியிடம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். புதுக் கார்டு அடிக்கவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கு நடந்துபோய் வாயால் சொல்கிறேன். நீ வர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கினிகத்தேனையிலேயே பெண் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நீ நினைத்தால் அதுவும் நியாயம்தான், அங்கே கூட்டத்தோடு கூட்டமாக வந்து நின்றுவிட்டுப் போகிறேன். ஒருவேளை நீ இங்கே வந்தால், ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருப்பேன். நீ இறங்கும்போது பத்துப் பேர் பார்ப்பார்கள், எவனாவது ஒருவன் யாரு கங்காணி இது என்று கேட்பான். என் மகன் என்று சொல்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன்.

உன் அப்பா